மேலிடம் உத்தரவிட்டும் பெரிய நிறுவனங்கள் ஏன் மாறுவதில்லை?

உத்தரவு சுற்றறிக்கையில் வருகிறது. வேலை கவுன்டரில் நடக்கிறது. இந்திய வங்கிகளைக் கணினிமயமாக்க ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழு வழி சொன்னது 1984-இல். தொழிற்சங்கங்களுடன் விரிவான உடன்பாடு 1993-இல்தான் வந்தது.

நான் வேலை பார்த்த கிளையில் கணினி வந்த பிறகும் மூத்த எழுத்தர் ஒருவர் பேரேட்டில் பென்சிலால் இருப்பைக் குறித்துவந்தார். பிடிவாதம் என்று சிரித்தோம். கணக்கு உதைத்தால் இரவு எட்டு மணிவரை உட்காரப்போவது அவர்தானே, சுற்றறிக்கை எழுதியவர் அல்லவே! மேலாளர் அவரைத் திட்டவில்லை. பேரேட்டையும் கணினியையும் தினமும் ஒப்பிடும் பொறுப்பை அவரிடமே கொடுத்தார். (நல்லவேளை, அவருக்கு இடையில் இடமாற்றம் வரவில்லை; பல மாற்றங்கள் அதில்தான் படுத்துவிடுகின்றன.) முதல் வாரமே வட்டிக் கணக்கில் ஒரு பிழையை எழுத்தர் பிடித்தார். மூன்றாம் மாதம் பேரேட்டை அவரே அலமாரியில் வைத்துப் பூட்டினார்.