டிரையத்லானில் நீச்சல் மட்டும் பின்தங்குவது ஏன்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 39. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்கிறேன். சிறுவயதில் எங்கள் அப்பாரு தோட்டத்துக் கிணற்றில் சுரைப்புருடை கட்டி நீச்சல் பழகியவன் என்பதால் ஆழத்துக்கு அஞ்சியதில்லை. சைக்கிளில் 90 கி.மீ. சென்று, இறங்கியவுடன் ஓடவும் முடிகிறது. ஆனால் நீச்சல் குளத்தில் 400 மீட்டர் நீந்த 13 நிமிடம் ஆகிறது. அதற்குள் மூச்சு இரைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லானில், அடுத்த ஆண்டு அரை அயர்ன்மேன் தூரப் போட்டியில் கலந்துகொள்ள விரும்புகிறேன். அதில் 1.9 கி.மீ. நீச்சலை 70 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நாள்தோறும் கூடுதல் தூரம் நீந்தினால் போதுமா, அல்லது ஜிம்முக்குச் சென்று தோள்களை வலுப்படுத்த வேண்டுமா?
– வாசகர், காங்கேயம்

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். 400 மீட்டருக்கு 13 நிமிடம் என்றால் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 15 விநாடி. அதே வேகம் கடைசிவரை குறையாமல் இருந்தால் 1.9 கி.மீ. தூரத்தை ஏறத்தாழ 62 நிமிடத்தில் முடிப்பீர்கள். போட்டி நடக்கும் கடலில், நீச்சல் குளத்தின் தரையில் இருப்பதைப் போன்ற கோட்டைப் பார்த்து நீந்த வழியில்லாததால், பழகாதவர்கள் வளைந்து வளைந்து செல்வார்கள். பத்தில் ஒரு பங்கு தூரம் கூடினாலே உங்கள் நேரம் 68 நிமிடத்தைத் தொட்டுவிடும். அதன் பிறகு 90 கி.மீ. சைக்கிளும் 21.1 கி.மீ. ஓட்டமும் காத்திருக்கின்றன. ஆகவே உங்கள் கவலை நியாயமானதே. ஆனால் அதற்கான காரணம் உங்கள் தோளிலோ நெஞ்சுரத்திலோ இல்லை. 90 கி.மீ. மிதித்த பின் ஓடக்கூடியவருக்கு 400 மீட்டரில் மூச்சு வாங்குகிறது என்றால், அவருடைய உழைப்பில் பெரும்பகுதி முன்னே செல்வதற்குப் பயன்படாமல் வீணாகிறது என்றே பொருள்.

நம் பகுதியில் கிணற்றில் பழகியவர்கள் பெரும்பாலும் தலையை நீருக்கு மேலே நிமிர்த்தி வைத்தே நீந்துவார்கள். மேலிருந்து யார் குதிக்கிறார்கள் என்று பார்ப்பதற்கும், படியைப் பிடிப்பதற்கும், உடன் நீந்துபவரோடு பேசுவதற்கும் அந்தப் பழக்கம் தேவையாக இருந்தது. நாலைந்து வீச்சில் கரை வந்துவிடும் இடத்தில் அதனால் எந்த நட்டமும் இல்லை. நீண்ட தூரத்தில்தான் அதன் விலை தெரிகிறது. காற்று நிறைந்த நுரையீரல் இருப்பதால் மனித உடலில் மார்புப் பகுதி மிதக்கும். எடையின் மையம் அதற்குக் கீழே, இடுப்பை ஒட்டி இருப்பதால் கால்கள் இயல்பாகவே தாழும். தலையை உயர்த்தினால் உயர்த்திய அளவுக்கு இடுப்பு மேலும் இறங்கிவிடும். ஓட்டத்தாலும் சைக்கிளாலும் தசை இறுகிய கால்கள் உடையவர்களிடம் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். நீர், காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதில் சாய்வாகக் கிடக்கும் உடலை இழுத்துச் செல்வதற்கே உங்கள் வலிமை முழுவதும் செலவாகிறது. மேலும், வேகம் இரட்டிப்பானால் நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். சைக்கிளில் கூடுதலாக மிதித்தால் பலன் கிடைப்பதைப் போல இங்கே கிடைக்காததற்கு இதுவே காரணம். தவறான நிலையில் கூடுதல் தூரம் நீந்துவது அந்தத் தவறையே உடலுக்கு ஆழமாகப் பழக்கிவிடும் என்பதால்தான் இரண்டும் வேண்டாம் என்று முதலிலேயே கூறினேன்.

அடுத்தது மூச்சு. தலையை நீருக்குள் வைத்திருக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு, வெளியே எடுத்த நொடியில் விடவும் இழுக்கவும் முயல்வது பரவலாகக் காணப்படும் பழக்கம். அத்தனை குறுகிய நேரத்தில் இரண்டையும் செய்ய இயலாது. மூச்சுத் திணறும் உணர்வு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவால் வருவதன்று. வெளியேறாமல் தங்கிவிடும் கரியமில வாயுவால் வருவது. எனவே முகம் நீருக்குள் இருக்கும் நேரம் முழுவதும் மூக்காலும் வாயாலும் குமிழி குமிழியாக மூச்சை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முகத்தைத் திருப்பும்போது இழுப்பது மட்டுமே மிச்சமாக இருக்க வேண்டும். அப்போதும் தலையைத் தூக்காமல், உடல் ஒரு பக்கம் உருளும்போது அதனுடன் சேர்த்துத் திருப்பினால் போதும்; ஒரு கண் நீருக்குள்ளேயே இருக்கலாம்.

முதல் ஆறு வாரங்களை இந்த இரண்டுக்காகவே ஒதுக்குங்கள். குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தை நீரில் வைத்து மூச்சை விடுவதும் பக்கவாட்டில் திரும்பி இழுப்பதுமாகத் தொடங்கலாம். பிறகு சுவரை உதைத்து, கைகளை முன்னே நீட்டி, பார்வையைத் தரையில் வைத்து, மார்பைச் சற்றே நீரில் அழுத்தியபடி வழுக்கிச் செல்லுங்கள். குதிகால் நீர்மட்டத்தை உரசுகிறதா என்று கவனியுங்கள். அதன்பின் ஒரு கையை நீட்டிப் பக்கவாட்டில் படுத்தபடி, கால் அசைவால் மட்டும் நகரும் பயிற்சி. இதற்குக் குட்டையான துடுப்புக் காலணி பெரிதும் உதவும். தொடைகளுக்கிடையே வைக்கும் நுரைமிதவையைப் பயன்படுத்தினால் இடுப்பு உயர்ந்த நிலை எப்படி இருக்கும் என்பதை உடல் அறிந்துகொள்ளும். ஆனால் அதை எப்போதும் வைத்துக்கொண்டே நீந்தினால், அது இல்லாத நாளில் பழைய நிலைக்கே திரும்பிவிடுவீர்கள். நண்பர் ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, குளத்தின் பக்கவாட்டிலிருந்து உங்களைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கால்கள் மேலே இருப்பதாக உணர்வது வேறு, உண்மையில் இருப்பது வேறு என்பதை அந்தப் படம் உடனே காட்டிவிடும்.

நீந்தும்போது 400 மீட்டரை ஒரே மூச்சில் முயலாதீர்கள். 25 மீட்டரை இருபது முறை, நடுவில் 15 அல்லது 20 விநாடி ஓய்வுடன் நீந்துவது மேல். நிலை கெடாமல் இருந்தால் 50 மீட்டருக்கும், பிறகு 100 மீட்டருக்கும் செல்லலாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் நீந்துவதைவிட, வாரத்தில் நான்கு நாட்கள் 40 நிமிடம் நீந்துவதையே நான் வலியுறுத்துவேன். நீரின் தொடுதலை உடல் வெகு விரைவில் மறந்துவிடும். இதற்காக ஓட்டத்தில் ஒரு நாளைக் குறைத்தாலும் உங்களுக்கு இழப்பில்லை. கோடை விடுமுறையில் நம் ஊர் நீச்சல் குளங்கள் சிறுவர்களுக்கான பயிற்சி வகுப்புகளால் நிரம்பிவிடும் என்பதால், இந்த அடிப்படைப் பயிற்சியைப் பங்குனிக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

கையின் வேலை அதன் பிறகு வரட்டும். உள்ளங்கையால் நீரைக் கீழ்நோக்கி அழுத்தினால் தலை உயரும், உடல் முன்னேறாது. முழங்கையை உயரத்தில் வைத்து, விரல் முதல் முழங்கை வரையுள்ள பகுதி முழுவதாலும் நீரைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். விரல்களை மடக்கி, கையை முஷ்டியாக வைத்துச் சில சுற்றுகள் நீந்திப் பாருங்கள். முன்கையின் பங்கு என்ன என்பது அப்போது விளங்கும்.

முன்னேற்றத்தை அளக்க, மாதம் ஒருமுறை நன்கு ஓய்வெடுத்து 400 மீட்டரையும், பிறகு 200 மீட்டரையும் முழு முயற்சியுடன் நீந்தி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நேரத்திலிருந்து இரண்டாவதைக் கழித்து, இரண்டால் வகுத்தால், நீங்கள் நெடுநேரம் தாங்கக்கூடிய 100 மீட்டர் வேகம் ஏறத்தாழக் கிடைக்கும். 11 நிமிடமும் 5 நிமிடம் 10 விநாடியும் வந்தால் அந்த வேகம் 2 நிமிடம் 55 விநாடி; அதன்படி 1.9 கி.மீ. நீந்த 55 நிமிடம் சொச்சம் ஆகும். அங்கே வந்துவிட்டால் கெடு உங்களை அச்சுறுத்தாது.

கேள்வி: கொங்குப் பகுதியில் கடல் இல்லை. நீச்சல் குளத்தில் மட்டும் பழகிவிட்டு நேரே போட்டிக்குச் செல்லலாமா? கீழ்பவானி வாய்க்காலிலோ ஆற்றிலோ பயிற்சி எடுக்கலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வாய்க்காலில் தயவுசெய்து இறங்காதீர்கள். சரிவான, வழுக்கும் கரையும் ஓயாத ஓட்டமும் உள்ள இடத்தில், நன்கு நீந்தத் தெரிந்தவரும் வெளியேறும் இடத்தைத் தவறவிட்டால் மீள்வது கடினம். மேட்டுப்பாளையம் பகுதியில் பவானி ஆற்றில், பில்லூர் அணையிலிருந்து நீர் திறக்கப்படும்போது மட்டம் திடீரென உயரும். அங்கே நேர்ந்த உயிரிழப்புகளை நாம் செய்திகளில் மீண்டும் மீண்டும் படித்திருக்கிறோம். அணைத் தேக்கங்களில் அனுமதியின்றி இறங்கக் கூடாது. தோட்டத்துக் கிணறு, மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டித்து, கரையில் ஓர் ஆள் இருக்கும் நிலையில், மூச்சுப் பயிற்சிக்கு மட்டும் உதவும்.

கடலுக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதியைக் குளத்திலேயே பழகலாம். குளத்தின் மறுமுனையில் நிறமுள்ள ஒரு தண்ணீர்ப் புட்டியை வைத்து, ஆறு அல்லது எட்டு வீச்சுக்கு ஒருமுறை கண்கள் மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே வருமாறு உயர்த்திப் பார்த்துவிட்டு, உடனே பக்கவாட்டில் திரும்பி மூச்சை இழுங்கள். உங்கள் வரிசையில் வேறு யாரும் நீந்தாத வேளையில் கண்களை மூடிச் சில வீச்சுகள் நீந்தினால், எந்தப் பக்கம் விலகிச் செல்கிறீர்கள் என்பது தெரியும். அலை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதை நாம் தீர்மானிக்க இயலாது என்பதால், இரு பக்கமும் மூச்சு எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நண்பர்கள் ஒரே வரிசையில் நெருக்கியடித்து நீந்திப் பழகினால், தொடக்கத்தில் கையும் காலும் படும்போது பதற்றம் குறையும்.

இருந்தாலும், போட்டிக்கு முன் இரண்டு முறையாவது பயிற்சியாளருடன் கடலில் இறங்கியே ஆக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே கேரளக் கடற்கரை நமக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அந்தக் கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்பதால் அப்போது செல்லாதீர்கள். உப்பு நீர் நன்னீரைவிட அடர்த்தியானது என்பதால் உடல் சற்றே மேலே மிதப்பதை உணர்வீர்கள்.

போட்டியன்று பின்வரிசையில், ஓரமாக நின்று, முதல் 200 மீட்டரை வேண்டுமென்றே மெதுவாக நீந்துங்கள். உங்களைவிடச் சற்று வேகமானவரின் பாதங்களுக்குப் பின்னால் நீந்தினால் உழைப்பு குறையும்; அரை அயர்ன்மேன் தூரப் போட்டியில் சைக்கிளில் தடை செய்யப்பட்ட இந்த உத்தி நீச்சலில் அனுமதிக்கப்பட்டதே. மூச்சுத் திணறினால் மல்லாந்து மிதக்கலாம். பாதுகாப்புப் படகைப் பிடித்து ஓய்வெடுக்கவும் விதிகள் இடம் தருகின்றன. பிடித்தபடி முன்னேறுவதுதான் குற்றம்.

கேள்வி: வேகம் கூட, மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நாள்தோறும் 500 மீட்டர் கால் அடித்துப் பழகுகிறேன். சரிதானா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: வேண்டாம், அம்மா. பலகையைப் பிடித்தால் தலை நிமிரும், இடுப்பு இறங்கும். எதை நீக்க வேண்டுமோ அதையே பழகுகிறீர்கள். டிரையத்லானில் கால்களின் வேலை உடலைக் கிடைமட்டமாக வைத்திருப்பதே. வலிமையைச் சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் சேமிக்க வேண்டும். முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து, கை வீச்சுக்கு ஒன்றாக மெல்ல அடித்தால் போதும். ஓடுபவர்களுக்குக் கணுக்கால் இறுகியிருப்பதால் பாதம் பின்னோக்கி நீளாமல் கொக்கியைப் போல் நீரில் மாட்டும். முழங்கால் வலி இல்லையென்றால், நாள்தோறும் இரவில் சில நிமிடங்கள் வஜ்ராசனத்தில் அமர்ந்து கணுக்காலைத் தளர்த்துங்கள்.