இடைக்கால ஐரோப்பாவின் குதிரை வீரர்களான நைட்டுகள் பின்பற்றிய பத்து விதிகள் எவை? அவற்றை உண்மையிலேயே கடைப்பிடித்தார்களா?

பிள்ளைக்குப் பள்ளியில் சார்ட் எழுதி வரச் சொல்லியிருப்பார்கள், அதற்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்தப் பத்தையும் 'இடைக்கால விதிகள்' என்று எழுத விட்டுவிடாதீர்கள். அவற்றை அப்படிப் பத்தாக வகுத்தவர் லியோன் கோத்தியே என்ற பிரெஞ்சு அறிஞர். ஆண்டு 1884. அப்போது ரயிலே வந்துவிட்டது.

எனக்கு இது இன்னும் ஆறாத புண். கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு வினாடி வினாப் போட்டியில் இறுதிச் சுற்றுவரை போனோம். கடைசிக் கேள்வி, நைட்டுகளுக்கான பத்துக் கட்டளைகள் எந்த நூற்றாண்டில் எழுதப்பட்டவை என்பது. பஸ்ஸரை நான்தான் அழுத்தினேன். "பத்தொன்பதாம் நூற்றாண்டு" என்றதும் அரங்கமே சிரித்தது. நடத்தியவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்து "பதினொன்று" என்றார். எங்கள் நூலகத்தில் புத்தகம் இருக்கிறது, பத்து நிமிடத்தில் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். நடுவர் தீர்ப்பே இறுதியானதாம். என்னோடு வந்த தோழி பேருந்தில் ஊர் வரும்வரை அழுதாள்.

தோற்ற கோபத்தில் பேசுகிறேன் என்று சிலர் சொல்லலாம். சரி, கோப்பையை விடுங்கள். அந்தப் பட்டியலையே ஒருமுறை படித்துப் பாருங்கள். 'பிறந்த நாட்டை நேசி' என்று அதில் ஒரு கட்டளை வருகிறது. இடைக்கால நைட்டின் விசுவாசம் முதலில் நிலம் கொடுத்த பிரபுவுக்கு. நாட்டுப்பற்றை முன்னால் வைப்பது, 1871-இல் ஜெர்மானியரிடம் தோற்று மனம் நொந்திருந்த பிரான்சின் குரல் என்றே எனக்குப் படுகிறது.

நைட்டுகளுக்கு நெறியே கிடையாது என்று நான் சொல்லவில்லை. நெறி இருந்தது. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே பட்டியலாக இல்லை, அவ்வளவுதான். ழெஃப்ருவா த ஷார்னி என்ற பிரெஞ்சு நைட் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 1356-இல் ஆங்கிலேயரோடு நடந்த புவாத்தியே போரில் பிரெஞ்சு அரசரின் கொடியைப் பிடித்தபடி செத்தார்.

ஆனால் அந்த நெறியோடு பணமும் கலந்திருந்தது. தோற்ற நைட்டைக் கொல்லாமல் பிடித்தால் மீட்புத்தொகை கிடைக்கும், குதிரையும் கவசமும் கிடைக்கும். சொந்த நிலமில்லாத இளைய மகனான வில்லியம் மார்ஷல், கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து விளையாட்டுப் போர்களில் ஓராண்டுக்குள் 103 நைட்டுகளைப் பிடித்ததாக அவருடைய வரலாற்றுப் பாடல் சொல்கிறது. கடைசியில் இங்கிலாந்தின் ஆட்சிப் பொறுப்பாளராகவே உயர்ந்தார். கால்நடையாக வந்த சிப்பாய்க்கும், வீடு எரிந்த குடியானவனுக்கும் இந்தக் கருணை பெரும்பாலும் எட்டவில்லை. 1415-இல் பிரான்சில் நடந்த அஜின்கோர்ட் போரில் இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றி, பிடிபட்ட நைட்டுகளையே கொல்லச் சொன்னார்.

இதையெல்லாம் அன்று மேடையில் சொல்ல விட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தப் போட்டிக்குப் போன நாளுக்கு எங்களுக்கு ஓ.டி. (கல்லூரி வேலையாகப் போனதாகக் கணக்கிட்டு வருகை கொடுப்பது) கூடக் கிடைக்கவில்லை. அதே போட்டிக்கு வந்த கணினித் துறைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வரலாறு படிக்கிறவர்கள் வேறு இடம் கிடைக்காமல் வந்தவர்கள் என்ற நினைப்பு அங்கே எல்லோருக்கும் இருந்தது. அப்புறம் வருகைப் பதிவு குறைந்ததற்கு அபராதம் வேறு கட்டினேன்.

கடைப்பிடித்தார்களா என்று கேட்டிருந்தீர்கள். கடைப்பிடித்த ஒருவரைச் சொல்கிறேன். அதே புவாத்தியேயில் பிடிபட்ட பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஜானுக்கு 30 லட்சம் பொற்காசு மீட்புத்தொகை பேசினார்கள். அவரை விடுவித்தபோது பிணையாக நின்றவர்களில் அவருடைய மகன் லூயியும் ஒருவர். அந்த மகன் தப்பி ஓடிவிட்டார். தொகையும் முழுதாகக் கட்டி முடியவில்லை. ஜான் 1364 ஜனவரியில் தானாகவே லண்டன் திரும்பினார், ஏப்ரலில் அங்கேயே இறந்தார். சார்ட்டில் இடமிருந்தால் அந்தப் பத்துக்குப் பதிலாக இதை எழுதச் சொல்லுங்கள்.