டிரம்பெட் வாசித்தபின் காதோரம் வீங்குகிறது. வலி இல்லை, தொட்டால் நறநறக்கிறது. எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டும் இல்லை, எனக்கும் வந்தது. நீங்கள் பேண்டு செட்டில் சேர்ந்து அதிக காலம் ஆகியிருக்காது, முகூர்த்த நாட்களில் ஓய்வில்லாமல் வாசித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் இதற்குள் பொன்னுக்கு வீங்கி என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

என் வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். அம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டார். கைக்குழந்தை வைத்திருந்த பக்கத்து வீட்டார் எங்கள் வாசலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். வீக்கம் தானாக வற்றும். அடுத்த கல்யாணத்தில் வாசித்ததும் அதே இடத்தில் மறுபடி எழும். பொன்னுக்கு வீங்கி இப்படி முகூர்த்தம் பார்த்து வருமா? நான் முதலில் பார்த்த மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். என்ன வேலை செய்கிறாய் என்று அவர் கேட்கவே இல்லை.

கேட்டவர் பிறகு பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர். டிரம்பெட் என்றதும் வாயைத் திறக்கச் சொன்னார். கையுறை போட்ட விரலால் காதின் முன்பக்கத்திலிருந்து கன்னத்தை நோக்கி அழுத்தி நீவினார். மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லுக்கு நேரே, கன்னத்தின் உட்புறத்தில் மிகச் சிறிய துளை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து எச்சில் குமிழ் குமிழாக நுரைத்து வந்ததை, ஒரு கண்ணாடியைக் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார்.

காதுக்கு முன்னும் கீழுமாக இருக்கும் பரோடிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் அந்தத் துளையில்தான் திறக்கிறது. துளை குறுகலானது, கன்னத் தசையும் குழாயை இறுக்கிப் பிடித்திருப்பதால் சாதாரணமாகக் காற்று உள்ளே போகாது. கன்னத்தை உப்பவைத்து மேல் ஸ்தாயியில் ஊதினால் வாய்க்குள் அழுத்தம் ஏறுகிறது, தசையோ தளர்ந்து கிடக்கிறது. காற்று சுரப்பிக்குள் புகுந்துவிடுகிறது. உங்கள் விரலில் நறநறப்பது அந்தக் காற்றுதான். நிமோபரோடிட் என்பார்கள். கண்ணாடி ஊதும் தொழிலாளர்களுக்கும் வருவதுண்டு. யாருக்கும் தொற்றாது.

அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி கன்னத்தைப் பலூனாக்கித்தானே வாசித்தார் என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். வாசித்தார், மகா கலைஞர். அதற்காக அதை வழக்கமாக்கிக்கொள்ளச் சொல்ல முடியாது. உதட்டோரத்தை இறுக்கி, கன்னத்தை ஒட்டவைத்து ஊதப் பழகியபின் எனக்கு வீக்கம் நின்றது. நான் மருத்துவன் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு உமிழ்நீர்க் குழாயில் கல்லடைப்போ வேறு ஏதாவதோ இருக்கலாம், ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். காய்ச்சல், வலி, அந்தத் துளையில் சீழ், இவற்றில் எது வந்தாலும் வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். நறநறப்பு கழுத்துக்கு இறங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஊதுவதை விட்டுவிடு என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அதைக் கேட்க வேண்டியதில்லை. இன்னொரு ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் உதடு புண்ணாகி 1930களில் மாதக்கணக்கில் டிரம்பெட்டைத் தொடாமல் இருந்தார். பிறகும் பல்லாண்டு வாசித்தார்.

தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றும் மருத்துவர் சொன்னார். உடம்பில் நீர் குறைந்தால் எச்சில் ஓட்டமும் குறையுமாம். எங்கே குடிப்பது? மாப்பிள்ளை ஊர்வலம் மண்டபத்தை அடையும்வரை உச்சி வெயிலில் நிறுத்தாமல் ஊதச் சொல்கிறார்கள். வீடியோக்காரருக்குக் குளிர்பானம் வரும், குதிரைக்குக்கூட வாளியில் தண்ணீர் வரும். நாங்கள் கேட்டால், பந்தி முடியட்டும் என்பார்கள். கல்யாண வீட்டாரே, கூலியில் பேரம் பேசுங்கள், அது உங்கள் உரிமை. வாசிக்கிறவர்களுக்கு ஒரு குடம் தண்ணீர் வைக்க என்ன செலவாகிவிடும்?