வாதி ரம் பாலைவனமும் சினிமாவும்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

ஜோர்டானின் வாதி ரம்மில் நடக்கும் படப்பிடிப்புகளைப் பற்றிப் போன வாரம் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். என்னைப் பற்றி ஒரு வரி: ஜோர்டானின் துறைமுக ஊரான அக்காபாவில் பயணத் தொழிலில் இருக்கிறேன். வெளியூர் யூனிட் வந்தால் வண்டி, தங்குமிடம், ஆள் ஏற்பாடு செய்து கொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி.

உதவி இயக்குநர், சென்னை: அண்ணா, செவ்வாய்க்கிரகம் என்றாலே எல்லோரும் ஏன் வாதி ரம்முக்கே ஓடுகிறார்கள்? உலகத்தில் வேறு எங்கேயும் சிவப்பு மண் கிடையாதா?

தாராளமாகக் கிடைக்கும் தம்பி. ஆனால் சிவப்பு மண் மட்டும் இருந்தால் போதாது. ரம்மில் மலை சரிவாக ஏறாது. சமதளத்திலிருந்து சுவர் எழுப்பியது போல நேராக நிற்கும். கீழே கருங்கல், மேலே இரும்பு ஆக்சைடு ஏறிய மணற்கல். மலைக்கும் மலைக்கும் நடுவே அகலமான, கிட்டத்தட்ட மரமே இல்லாத மணல் தரை. ஜபல் ரம் 1,734 மீட்டர், தெற்கே சவூதி எல்லைப் பக்கம் இருக்கும் ஜபல் உம் அத்-தாமி 1,854 மீட்டர். ஜோர்டானிலேயே உயரம் அதுதான். ஃபிரேமில் ஒரு மனிதனை எறும்பாக நிறுத்த வேண்டுமென்றால் இதைவிட வசதியான இடம் குறைவு. 2000-இல் 'ரெட் பிளானட்', 2013-இல் 'தி லாஸ்ட் டேஸ் ஆன் மார்ஸ்', 2015-இல் 'தி மார்ஷியன்' என்று வரிசையாக வந்ததற்கு இது ஒரு காரணம்.

ஆனால் என்னைக் கேட்டால் இது இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் அக்காபா. சுமார் ஒரு மணி நேரக் கார் பயணத்தில் துறைமுகம், விமான நிலையம், நட்சத்திர ஹோட்டல், ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கின்றன. கிரேனையும் ஜெனரேட்டரையும் கப்பலில் கொண்டுவந்து இறக்கலாம். நடிகரை ராத்திரி கடலோர ஹோட்டலில் தூங்க வைத்துவிட்டு, விடியும் முன் 'செவ்வாயில்' கொண்டுபோய் நிறுத்தலாம். இதைவிட அழகான பாலைவனங்கள் உண்டு. அங்கே போய்ச் சேரவே இரண்டு நாள் ஆகும் என்றால் எந்தத் தயாரிப்பாளர் ஒப்புக்கொள்வார்? லொகேஷன் பார்க்க வருபவர்கள் முதல் நாள் மலையைப் போட்டோ எடுப்பார்கள். இரண்டாம் நாள் தார் ரோடு எங்கே முடிகிறது, போன் சிக்னல் எதுவரை வருகிறது என்று கேட்பார்கள். முடிவாவது இரண்டாம் நாளில்தான்.

இன்னொன்று, நீங்கள் திரையில் பார்க்கும் வானம் ரம்முடையது இல்லை. இங்கே வானம் பளிச்சென்ற நீலம். 'தி மார்ஷியன்' படத்தில் அதைக் கணினியில் மாற்றினார்கள். படத்தின் பெரும்பகுதியை எடுத்தது ஹங்கேரியில் புடாபெஸ்ட்டுக்கு அருகே உள்ள கோர்டா ஸ்டூடியோவில், தளத்தில் செம்மண்ணைப் பரப்பி. ரம்மில் எடுத்தது பெரும்பாலும் பரந்த வெளிக் காட்சிகள்தான்.

ஸ்டார் வார்ஸ் ரசிகர், பெங்களூரு: 'ரோக் ஒன்', 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' செட் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? அதைப் பார்க்கவே ஜோர்டான் வரலாமா?

வராதீர்கள், ஏமாந்து போவீர்கள். ரம் பாதுகாக்கப்பட்ட பகுதி, 2011 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. எடுத்து முடித்தால் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தப் படங்களில் வரும் ஜெடா நிலவும் பசானா கிரகமும் இங்கே எடுத்தவைதான், ஆனால் உங்கள் ஜீப் ஓட்டுநர் காட்டப்போவது வெறும் பாறையும் மணலும்தான். செட்டைத் தொட்டுப் பார்க்க ஆசை என்றால் டுனீசியா போங்கள். டோசூர் பக்கம் ஓங் ஜெமல் என்ற இடத்தில் பழைய செட் இன்னும் நிற்கிறது. மத்மாத்தாவில் லூக் ஸ்கைவாக்கரின் வீடாக வந்த இடம் சிதி திரிஸ் என்ற ஹோட்டல்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்: 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வை இளவயதில் தியேட்டரில் பார்த்தவன். படம் முழுக்க வாதி ரம்தானா?

இல்லை ஐயா. 1961 மே மாதம் இயக்குநர் டேவிட் லீன் ஜோர்டானில் படப்பிடிப்பைத் தொடங்கினார், ரம்மின் பிரம்மாண்டமான வெளிகள் படத்தில் இருக்கின்றன. ஆனால் செலவும் சிரமமும் ஏறிக்கொண்டே போனதால் பிறகு யூனிட் ஸ்பெயினுக்கு மாறியது, கடைசியில் மொராக்கோவுக்கும் போனது. வேடிக்கை என்னவென்றால், ஒட்டகப் படை பாய்ந்து வந்து அக்காபாவைப் பிடிக்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சி அக்காபாவில் எடுத்ததே இல்லை. ஸ்பெயினின் அல்மேரியா மாகாணத்தில், கார்போனெராஸ் அருகே ஒரு கடற்கரையில் ஊர் மாதிரி செட் போட்டு எடுத்தார்கள். படத்தின் நாயகனான பிரிட்டிஷ் அதிகாரி லாரன்ஸ் 1917-இல் பார்த்த சின்னத் துறைமுகம் 1961-இல் அப்படியே இருக்குமா என்ன?

கானல் நீரில் ஒரு புள்ளி மெல்ல மெல்ல ஒட்டகமாகி, ஓமர் ஷரீஃபாக வந்து சேரும் காட்சியும் ரம்மில் எடுத்தது இல்லை. அல்-ஜஃப்ர் என்ற, காய்ந்து தட்டையாகக் கிடக்கும் சேற்று வெளி அது. ஒளிப்பதிவாளர் ஃபிரெடி யங் அதற்காக 482 மி.மீ. லென்ஸ் பயன்படுத்தினார். ரம்மில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை மறிக்கும், அவ்வளவு தூரம் வெறுமையாக அடிவானம் தெரியாது. லீன் சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறார்.

நீங்கள் வந்தால் நுழைவாயில் அருகே 'ஞானத்தின் ஏழு தூண்கள்' என்று ஒரு மலையைக் காட்டுவார்கள். லாரன்ஸின் புத்தகப் பெயருக்கும் அந்த மலைக்கும் சம்பந்தம் இல்லை, பெயரைப் பிறகு மலைக்கு வைத்தார்கள். 'லாரன்ஸ் வீடு' என்று ஒரு இடிபாட்டையும் காட்டுவார்கள். அடித்தளம் நபத்தேயர் (பெட்ராவைக் கட்டிய பழங்கால அரபு மக்கள்) காலத்தது என்கிறார்கள். கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், நம்புவது உங்கள் விருப்பம்.

ஒளிப்பதிவு மாணவர், கோயம்புத்தூர்: பெரிய பெரிய மணல்மேடுகள் அங்கே இருக்கின்றனவா? மணலில் ஷூட் செய்யும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

மேடுகள் குறைவு. மலையடிவாரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் சில சிவப்பு மணல் சரிவுகள்தான். அலை அலையாக மணல் வேண்டுமென்றால் அபுதாபியின் லிவா பக்கம் போக வேண்டும். 'டியூன்' படத்தில் பாறைக்கு வாதி ரம், மணல்கடலுக்கு அபுதாபி என்று இரண்டையும் சேர்த்தது அதனால்தான்.

கவனிக்க வேண்டியதில் முதல் இடம் காலடித் தடத்துக்கு. யாரும் கால் வைக்காத கிரகம் என்று கதை சொல்லும், டீ கொண்டு போன பையனின் செருப்புத் தடம் ஃபிரேமில் இருக்கும். அதனால் அகலமான ஷாட்டை முதலில் எடுத்துவிடுங்கள், குளோசப் அப்புறம். யூனிட் முழுவதும் கேமராவுக்குப் பின்னால் ஒரே பாதையில்தான் நடக்க வேண்டும். இரண்டாவது டேக் என்றால் விளக்குமாறு, வாருகோல், காற்று ஊதும் இயந்திரம் எல்லாம் வைத்துத் தடத்தை அழிக்க வேண்டும், அதற்கே தனி ஆள் தேவை. பெரிய பட்ஜெட் என்றால் மிச்சத்தை விஎஃப்எக்ஸ் அழித்துவிடும். உங்களுக்கு அந்த வசதி இருக்காது, திட்டமிட்டுத்தான் ஆக வேண்டும். ஜீப் தடம் இன்னும் மோசம். மணலில் பதிந்ததைக் காற்று மூடிவிடும். சரளைத் தரையில் பதிந்தது எளிதில் போகாது.

வெளிச்சத்தில் ஒரு விஷயம். அட்டவணையில் போட்டிருக்கும் அஸ்தமன நேரத்தை நம்பாதீர்கள். சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் பள்ளத்தாக்கின் தரை இருட்டிவிடும், எதிர்ப்பக்கப் பாறை மட்டும் கொஞ்ச நேரம் எரிந்துகொண்டிருக்கும். முந்தின நாளே அதே இடத்தில் நின்று பார்த்துவிடுங்கள். வெட்டவெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள். ஒலிப்பதிவு செய்பவரிடம் மைக்குக்கு நல்ல காற்றுத்தடுப்பு இருக்கட்டும்.

குறும்பட இயக்குநர், திருச்சி: சின்ன யூனிட், நாலு பேர். அனுமதி இல்லாமல் சுற்றுலாப் பயணி மாதிரி வந்து எடுத்துவிட முடியாதா? ட்ரோன் வைத்திருக்கிறேன்.

ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். முன் அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையச் சுங்கத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். போனிலோ சின்னக் கேமராவிலோ ஊர் சுற்றிய வீடியோ எடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். நடிகர், வசனம், முக்காலி, ரிஃப்ளெக்டர் என்று வந்துவிட்டால் அது படப்பிடிப்புதான். 2003-இல் தொடங்கிய ராயல் ஃபிலிம் கமிஷன் என்ற அரசு அமைப்பு அதற்காகவே இருக்கிறது, கதைச் சுருக்கத்தோடு எழுதினால் வழி சொல்வார்கள். ரம் பகுதி அக்காபா சிறப்புப் பொருளாதார மண்டல ஆணையத்தின் பொறுப்பில் வருகிறது, அவர்கள் பக்கமும் சரியாக இருக்க வேண்டும். பக்கத்திலேயே எல்லை இருப்பதை மறக்காதீர்கள். இந்த ஊரில் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று கிளம்புவது வேலைக்கு ஆகாது.

இல்லத்தரசி, துபாய்: குடும்பத்தோடு வந்து அந்தக் கண்ணாடிக் குமிழி டென்ட்டில் தங்க ஆசை. எங்கே தங்குவது? ஷூட்டிங் நடந்தால் உள்ளே விடுவார்களா?

விடுவார்கள் சகோதரி. ஷூட்டிங் நடக்கும் பகுதியை மட்டும் தடுப்பார்கள், ஓட்டுநர் வேறு வழியாகச் சுற்றிக் கூட்டிப்போவார்.

தங்குவதில்தான் பலர் குழம்புகிறார்கள். வட்டக் கூரை, குமிழி டென்ட், குளியலறை, ஏசி எல்லாம் உள்ள பெரிய ரிசார்ட்டுகள் பெரும்பாலும் தீஸி கிராமத்துப் பக்கம். ரம் கிராமத்தைத் தாண்டி உள்ளே இருப்பவை பெதூயின் (பாலைவனத்து அரபுப் பழங்குடி) குடும்பங்கள் நடத்தும் எளிமையான முகாம்கள், ஆட்டுரோமக் கூடாரம், ராத்திரி நெருப்பு, அவ்வளவுதான். சின்னக் குழந்தை இருந்தால் முதல் வகை. நட்சத்திரம் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாவது.

என் வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். வட்டக் கூரை டென்ட் மோகம் 'தி மார்ஷியன்' வந்த பிறகுதான் இங்கே சூடுபிடித்தது. படம் பார்த்தவர்கள் வந்தார்கள், அவர்களுக்காக ரிசார்ட் வந்தது, இப்போது அந்த ரிசார்ட் விளக்குகளே ராத்திரி ஃபிரேமில் விழுகின்றன. யூனிட்காரர்கள் தெற்கே இன்னும் உள்ளே தள்ளிப்போக வேண்டியிருக்கிறது. யாரைக் குறை சொல்வது? அந்த விளக்கெரியும் முகாம்களில் என் வாடிக்கையாளர்களும்தான் தங்குகிறார்கள்.

மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் நல்ல மாதங்கள். டிசம்பர், ஜனவரியில் ராத்திரிக் குளிர் பூஜ்யத்தைத் தொடலாம். மழை அறிவிப்பு இருந்தால் கஸாலி மாதிரி குறுகலான பாறை இடுக்குகளுக்குள் போகவே போகாதீர்கள். 2018 அக்டோபரில் சாக்கடல் பக்கம் வந்த திடீர் வெள்ளத்தில் 21 பேர் இறந்தார்கள், பள்ளிக் குழந்தைகள் பலர். பாலைவனத்தில் மழை பெய்தால் மண் உறிஞ்சும் என்று நினைக்கக்கூடாது, அப்படியே உருண்டு வரும்.

வாசகர், நாகர்கோவில்: 'ஆடுஜீவிதம்' யூனிட் கொரோனாவில் மாட்டியது அங்கேதானா?

அங்கேதான். அந்த மலையாளப் படத்தின் பாலைவனக் கதை நடப்பது சவூதியில், அதை எடுத்தது ஜோர்டானிலும் அல்ஜீரியாவிலும். 2020 மார்ச் மாதம் இயக்குநர் பிளெஸ்ஸியும் நடிகர் பிருத்விராஜும் யூனிட்டும் ரம்மில் இருந்தபோது விமானங்கள் நின்றன, ஊரடங்கு வந்தது. கொஞ்ச நாள் ஷூட்டிங் தொடர்ந்தது, பிறகு அதுவும் நின்றது. 58 பேர் பாலைவன முகாமில் காத்திருந்து, மே 22 அன்றுதான் சிறப்பு விமானத்தில் கொச்சி வந்து சேர்ந்தார்கள். உடம்பை இளைத்து நடித்துக்கொண்டிருந்த நடிகர், பாதியில் நின்ற படம், எப்போது திரும்புவோம் என்று தெரியாத நிலை. மிச்சத்தை 2022-இல் எடுத்து, ஏ.ஆர். ரஹ்மான் இசையோடு 2024 மார்ச்சில் படம் வந்தது. ரம்மை வேற்றுக்கிரகமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரு கூலித் தொழிலாளி தப்பி ஓடும் நிலமாக அதைப் பார்ப்பது வேறு அனுபவம்.

பத்திரிகையாளர், யாழ்ப்பாணம்: இத்தனை படங்களால் உள்ளூர் மக்களுக்கு என்ன கிடைத்தது?

வேலை கிடைத்தது. ஓட்டுநர், வழிகாட்டி, ஒட்டகக்காரர், காவல், சமையல் எல்லாம் பெரும்பாலும் ரம், தீஸி கிராமத்துப் பெதூயின்கள். ஸலாபியா, ஸவாய்தா என்ற இரண்டு குடிகள் இங்கே முக்கியம். எந்த வண்டி எந்த மணலில் புதையும் என்று அவர்களுக்குத்தான் தெரியும், வெளிநாட்டு லொகேஷன் மேனேஜர் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் யூனிட் வருவது எப்போதாவதுதான். அண்டை நாட்டில் குண்டு வெடித்தால் புக்கிங் எல்லாம் ரத்தாகிவிடும். அதை நம்பிக் கடன் வாங்கி ஜீப் எடுத்தவர்கள் பாடு திண்டாட்டம்.

திரையில் அவர்கள் முகம் தெரிந்தது 'தீப்' படத்தில். 2014-இல் நாஜி அபூ நுவார் இயக்கியது, முதல் உலகப்போர்க் காலத்து பெதூயின் சிறுவனின் கதை. நடித்தவர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதிப் பெதூயின்கள், அதற்குமுன் கேமராவைப் பார்த்திராதவர்கள். ஜோர்டானுக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரையை வாங்கித் தந்ததும் அதுதான். வாதி ரம் பற்றி ஒரே ஒரு படம் பார்க்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், விண்கலம் எதுவும் வராது.

வாசகர், மதுரை: சுத்த சைவம் நான். அங்கே பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

இல்லை. ஹம்முஸ், ரொட்டி, பருப்பு சூப், கத்தரிக்காய், சாலட் எந்த முகாமிலும் கிடைக்கும். 'ஸர்ப்' என்று, மணலுக்குள் தணல் போட்டுப் புதைத்து வேகவைப்பதில் கோழியும் காய்கறியும் ஒன்றாக இறங்கும், அதனால் உங்கள் காய்கறியைத் தனியாக வைக்கும்படி மதியமே சொல்லிவிடுங்கள். சாயங்காலம் சொன்னால் ஏற்கெனவே புதைத்திருப்பார்கள்.