பாலைவனப் பள்ளத்தாக்கில் சைக்கிள்: கேட்டவர்களுக்குப் பதில்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் ஒயிட் ரிம் என்று சுமார் 160 கிலோமீட்டர் மண்பாதை இருக்கிறது. நண்பர்களோடு அதில் சைக்கிளில் போய் வந்ததிலிருந்து, சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) காலையில் சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் விடாமல் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

வேளச்சேரியிலிருந்து: அக்கா, 160 கிலோமீட்டர்தானே? நாங்கள் ஒரே நாளில் பாண்டிச்சேரி போகிறோமே!

பாண்டிச்சேரி சாலையில் தாகம் எடுத்தால் இளநீர்க் கடை வரும். இங்கே கடை, குழாய், வீடு எதுவுமே கிடையாது. மேட்டுநிலத்திலிருந்து ஷேஃபர் பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. சுமார் 1,200 அடி கீழே வெள்ளை மணற்பாறை ஒரு திண்ணை மாதிரி நீண்டு கிடக்கும். அதன் ஓரமாகத்தான் நாம் ஓட்ட வேண்டும். அதற்கும் கீழே ஒரு பக்கம் கொலராடோ ஆறு, மறுபக்கம் கிரீன் ஆறு. நடுவில் பாறைப் படிகள், சக்கரம் புதையும் மணல். மர்ஃபி ஹாக்பேக் ஏற்றத்தில் பலரும் இறங்கித் தள்ளுவார்கள். கடைசியில் மினரல் பாட்டம் ஏற்றம், அப்புறமும் 20 கிலோமீட்டர் சரளைச் சாலை. ஒரே நாளில் முடிக்கிறவர்கள் உண்டு. நண்பர்களோடு போனால் மூன்று நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் போய்விட்டு எதையும் பார்க்காமல் திரும்பி வராதீர்கள்.

தாம்பரத்திலிருந்து: தண்ணீர் எவ்வளவு கொண்டுபோக வேண்டும்?

இந்தப் பயணத்தில் கால் பலத்தைவிட முக்கியம் இதுதான். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் என்கிறது பூங்கா நிர்வாகம். சைக்கிள் மிதிப்பவருக்கு, சமையலையும் சேர்த்து, நான் 6 லிட்டர் என்பேன். ஆறு பேர், நான்கு நாள் என்றால் 144 லிட்டர். அதாவது 144 கிலோ. அதனால்தான் கூடவே ஒரு ஜீப் வேண்டும்.

நம் ஊரில் வியர்த்தால் சட்டை நனைந்து ஒட்டும், உடனே தெரிந்துவிடும். அங்கே காற்று அவ்வளவு வறட்சி. வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும், பையின் வாரில் மட்டும் வெள்ளை வெள்ளையாக உப்புக்கோடு படிந்திருக்கும். வியர்க்கவில்லை என்று நினைத்துக் குடிக்காமல் விட்டால் மாலையில் தலைவலியும் வாந்தியும் வரும். தாகத்துக்குக் காத்திருக்காமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவும் ஆபத்து. ஓஆர்எஸ் பாக்கெட், உப்புக் கடலை இரண்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஆற்றுத் தண்ணீரை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஒரே வண்டல், ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வாளியில் பிடித்து இரவு முழுக்கத் தெளியவிட்டால்தான் வடிகட்டவே முடியும்.

பெரம்பூரிலிருந்து: பங்க்சர் ஆனால்?

அந்த வட்டாரத்தில் எல்லோரும் புலம்புகிற முள் வேறெதுவும் இல்லை, நம் நெருஞ்சிதான். அதே செடி. டியூப்லெஸ் டயரில் சீலன்ட், அதாவது ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம், ஊற்றிக்கொண்டு போங்கள். குத்தினால் முள்ளைப் பிடுங்கி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பிச் சற்று நிறுத்தினால் பெரும்பாலும் அடைந்துவிடும். டியூப் போட்டவர்கள் புது டியூபை மாற்றுவதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். முனை ஒன்று உள்ளே தங்கியிருந்தால் புது டியூபும் போச்சு.

இன்னொன்று, பாதையை விட்டு விலகி ஓட்டவே கூடாது. அங்கே மண்மேல் கருப்பாக, மேடும் பள்ளமுமாக ஓர் உயிருள்ள படலம் இருக்கும். நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மண்ணைக் காற்று அள்ளிப் போகாமல் பிடித்துவைத்திருக்கின்றன. ஒரு முறை டயர் ஏறினால் அது மறுபடி வளரப் பல வருடம் ஆகும். படம் எடுப்பதற்காகக்கூட அதன்மேல் கால் வைக்காதீர்கள்.

அண்ணா நகரிலிருந்து: ஜூன், ஜூலையில் போகலாமா?

வேண்டாம். 38 டிகிரியைத் தாண்டும், நிழலும் இல்லை. ஜூலைக்கு மேல் திடீர் மழை வேறு. 2010 ஆகஸ்டில் பெய்த மழையில் மினரல் பாட்டம் சாலையே அடித்துக்கொண்டு போய், அப்புறம்தான் புதிதாகப் போட்டார்கள். ஏப்ரல், மே, இல்லாவிட்டால் செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் சரியான காலம். இரவில் நன்றாகக் குளிரும், ஸ்வெட்டரை மறக்காதீர்கள்.

குரோம்பேட்டையிலிருந்து: ஜீப்பை யார் ஓட்டுவது?

முறைவைத்து எல்லோரும். நல்ல மனசுக்காரர் ஒருவர் தலையில் முழுக்கக் கட்டிவிடாதீர்கள்; அவரும் சைக்கிள் ஓட்டத்தான் டிக்கெட் எடுத்து வந்திருக்கிறார். செங்குத்தான பாதையில் மெதுவாக, வலுவாக இழுக்கும் லோ ரேஞ்ச் கியர் உள்ள, உயரமான ஃபோர் வீல் டிரைவ் வண்டி கட்டாயம். சாதாரண வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மண்பாதைக்கு அனுமதிப்பதில்லை. மோவாப் ஊரில் இதற்கென்றே ஜீப் கிடைக்கும்.

மயிலாப்பூரிலிருந்து ஓர் அம்மா: என் பையன் போகிறான். சாப்பிட என்ன கொடுத்தனுப்பட்டும்?

புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, வறுத்த ரவை, கெட்டி அவல் கொடுங்கம்மா. அவல் ஊறக் கொஞ்சம் தண்ணீர் போதும், அதனால் சோற்றைவிட அதுதான் வசதி. அமெரிக்காவில் இறங்கியதும் விமான நிலையத்தில் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது என்று அதிகாரிகளிடம் தெரிவித்துவிடச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். அடுப்புக்கான கேஸ் டின் விமானத்தில் ஏறாது. அங்கே போய் வாங்கிக்கொள்ளட்டும். விறகு மூட்டவும் அனுமதி கிடையாது. கேம்ப் இடங்களில் கழிப்பறை இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

மடிப்பாக்கத்திலிருந்து: சென்னையில் ஏது மேடு? எப்படிப் பயிற்சி எடுப்பது?

ஏலகிரிக்குப் போங்கள், 14 கொண்டை ஊசி வளைவு. அது பழகினால் கொல்லிமலை, 70 வளைவு. ஒரு நீண்ட வார இறுதியில் கடப்பா பக்கம் கண்டிக்கோட்டாவுக்கு ஓட்டிப் பாருங்கள். பெண்ணாறு வெட்டிய செம்பாறைப் பள்ளத்தாக்கு, டிசம்பர், ஜனவரியில் அருமையாக இருக்கும். நண்பர்களோடு தொடர்ந்து சில நாள் ஓட்டினால் யார் எங்கே சோர்வார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

அதே ஊரிலிருந்து: எங்களில் ஒருவர் மெதுவாகத்தான் ஓட்டுவார். கூட்டிப் போகலாமா?

தாராளமாக. அவரை முன்னால் விடுங்கள், அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். பின்னால் விட்டால் துரத்தித் துரத்தியே களைத்துப்போவார். மற்றவர்கள் நின்று இளைப்பாறிவிட்டு, அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். அந்த அநியாயத்தை நண்பனுக்குச் செய்யாதீர்கள். கடைசியில் வருகிறவரிடம் பம்ப், முதலுதவிப் பெட்டி, சாட்டிலைட் மெசேஞ்சர் (செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி) மூன்றும் இருக்கட்டும். பெரும்பாலான தூரம் போனில் சிக்னல் கிடைக்காது.

அடையாறிலிருந்து: முதலில் எதை புக் செய்வது?

பூங்காவின் பெர்மிட்டை. இரவு தங்கினாலும் பகலில் மட்டும் ஓட்டினாலும் அது வேண்டும். நல்ல மாதங்களுக்குச் சீக்கிரமே தீர்ந்துவிடும். பெர்மிட் கையில் வந்த பிறகு விமான டிக்கெட் எடுங்கள்.