ஃப்ளாட் வட்டி, தண்டல், பத்திரம்: கேள்வி பதில்

கே: டூவீலர் கடனுக்கு 12% ஃப்ளாட் வட்டி. வங்கியிலும் 12% தான். இரண்டும் ஒன்றுதானே?

ப: இல்லவே இல்லை. ஒரு லட்சம் வாங்கி 12 மாதத்தில் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஃப்ளாட் என்றால் முழு லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை வட்டி. மொத்தம் 12,000, தவணை 9,333. வங்கியில் அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். தவணை 8,885, மொத்த வட்டி சுமார் 6,620. வங்கி முறையில் கணக்குப் போட்டால் அந்த 12% ஃப்ளாட், 21 சதவீதத்தைத் தாண்டும். கையெழுத்துப் போடும் முன் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் முதல் தனிநபர்கள் வாங்கும் புதிய சில்லறைக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கட்டணங்களையும் சேர்த்த வருட வட்டி அதில் இருக்கும்.

கே: வட்டி ஏறினால் கடன் பத்திர விலை ஏன் இறங்குகிறது?

ப: கடன் பத்திரம் (bond) என்பது அரசோ நிறுவனமோ நம்மிடம் கடன் வாங்கிக்கொண்டு தரும் பத்திரம். 1,000 ரூபாய் பத்திரம், 8% வட்டி, முதிர ஒரு வருடம் பாக்கி. முடிவில் 1,080 வரும். புதுப் பத்திரம் 9% தரும்போது இதை யார் ஆயிரத்துக்கு வாங்குவார்கள்? 991க்குக் கொடுத்தால்தான் வாங்குபவருக்கும் 9% நிற்கும்.

கே: எந்தப் பத்திரம் வாங்கலாம்?

ப: பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு செய்த ஆலோசகரிடம் கேளுங்கள்.

கே: 10% ஃப்ளாட், 3 வருடம். வங்கியில் 14%. எது லாபம்?

ப: வங்கி. காரணம் முதல் பதிலில் இருக்கிறது.

கே: ஊரில் 'ரெண்டு வட்டி'க்குக் கிடைக்கிறது. வெறும் 2% தானே?

ப: அது மாதத்துக்கு. வருடத்துக்கு 24.

கே: 11% ஃப்ளாட் பரவாயில்லையா?

ப: மூன்றாவது முறையாக இதே கேள்வி. முதல் பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.

கே: காய்கறி வண்டி வைத்திருக்கிறேன். தண்டலில் 8,500 கையில் தருவார்கள், தினம் 100 வீதம் நூறு நாள் கட்டுவேன். போவது 1,500 தான். வங்கி எங்களை உள்ளேயே விடாதபோது தண்டலைக் குறை சொல்லலாமா?

ப: வங்கியைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் 8,500 முழுதாக உங்களிடம் இருப்பது முதல் நாள் மட்டும்தான். ஐம்பதாம் நாளில் ஏறக்குறைய பாதி போயிருக்கும். வருடக் கணக்கில் அது 120 சதவீதத்துக்கு மேல். 2020இல் வந்த மத்திய அரசின் ஸ்வநிதி திட்டத்தில் தெருவோர வியாபாரிக்கு ஈடில்லாமல் கடன் உண்டு.

கே: அதற்கு நடையாய் நடக்க வேண்டும். தண்டல்காரர் வண்டிக்கே வருகிறார்.

ப: சரி, நடக்கும் நாளில் வியாபாரம் போகும்தான். ஆனால் வருடத்துக்கு மூன்று தண்டல் எடுத்தால் 4,500 ரூபாய் போகிறதே அண்ணா. இரண்டு நாள் வண்டியை நிறுத்தினால் அவ்வளவா போகும்? நகராட்சியில் வியாபாரிச் சான்று வாங்கிவிட்டு எழுதுங்கள், விண்ணப்பத்தை நானே பார்த்துத் தருகிறேன்.