ஸ்டெர்லிங் கோட்டை எலும்புக்கூடுகள்: கேட்டதும் சொன்னதும்

ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் கோட்டையில் 1997-ல் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் கிடைத்தன. அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கோட்டைக்குள் போய் யாராவது பிணத்தைப் புதைப்பார்களா சார்?

சாதாரணமாக மாட்டார்கள். ஆனால் இவை கிடைத்த இடம் வெறும் முற்றம் அல்ல, மறைந்துபோன ஓர் அரச தேவாலயத்தின் தரை. கீழே ஊருக்குள் கல்லறைத் தோட்டம் இருந்தும் இங்கே புதைத்திருக்கிறார்கள் என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, செத்தவர்கள் பெரிய இடத்துக்காரர்கள். இல்லையென்றால் வெளியே முற்றுகை, கதவைத் திறக்க வழியில்லை. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும் என்பது என் கணிப்பு.

எந்தக் காலத்து ஆட்கள்?

13-ஆம் நூற்றாண்டுக்கும் 15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையே. இங்கிலாந்துக்கு எதிரான ஸ்காட்லாந்து விடுதலைப் போர்களில் கோட்டை கைமாறிக்கொண்டே இருந்த காலமும் இதில் அடக்கம்.

'மாவீரர்' என்று ஒருவரைச் சொல்கிறார்களே, அவர் யார் அண்ணா?

இருபதுகளில் இருந்த, நல்ல உடற்கட்டு உள்ள ஆள். மண்டையில் பழைய கோடரி வெட்டு ஒன்று. அது ஆறி, எலும்பு திரும்ப வளர்ந்திருக்கிறது. அதிலிருந்து தப்பிப் பிழைத்தவர்தான். உயிரை எடுத்தது பின்னால் விழுந்த வேறொரு வெட்டு. மூக்கையும் தாடையையும் சேர்த்துப் பிளந்திருக்கிறது, அநேகமாக வாள்.

பெயர் விஷயத்தில்தான் சுவாரசியம். முதலில் 1388-ல் இங்கே நடந்த வீர விளையாட்டுப் போட்டியோடு தொடர்புள்ள ராபர்ட் மோர்லி என்றார்கள். அப்புறம் எலும்பின் வயதைக் கணிக்கும் ரேடியோகார்பன் சோதனையைத் திரும்பச் செய்து, பல்லையும் ஆராய்ந்த பிறகு, 1341 அக்டோபரில் இறந்த ஜான் டி ஸ்டிரிச்லி என்ற ஆங்கிலேய வீரராக இருக்கலாம் என்று மாறினார்கள். 'இருக்கலாம்' என்பதை விட்டுவிட்டு இந்தச் செய்தியைப் பகிராதீர்கள். தேதி பொருந்துகிறது, ஊர் பொருந்துகிறது, அவ்வளவுதான்.

பல்லை வைத்து ஊரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பல்லின் கெட்டியான வெளிப்படலமான எனாமல் சிறுவயதில் உருவாகிறது, பிறகு மாறுவதில்லை. அப்போது குடித்த தண்ணீர், சாப்பிட்ட விளைச்சல் இவற்றின் ஆக்சிஜன், ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகள்) விகிதம் அதில் பதிந்துவிடும். பாறையும் மழையும் இடத்துக்கு இடம் வேறு என்பதால் வளர்ந்த பகுதியைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம். தெருப்பெயர் எல்லாம் கிடைக்காது! இவர் வளர்ந்தது தெற்கு இங்கிலாந்து என்று வந்தது.

பெண் எலும்புக்கூடும் இருந்ததாமே?

இருந்தது. படிக்கவே கஷ்டமாக இருக்கும். இரண்டு பலத்த அடிகளில் மண்டையின் வலது பக்கம் பத்து இடங்களில் முறிந்திருந்தது. உச்சந்தலையில் கச்சிதமான சதுரத் துளைகள். போர்ச் சுத்தியல் போன்ற ஆயுதமாக இருக்கலாம். இன்னோர் ஆணின் மண்டையில் மட்டும் 44 முறிவுகள். பிராட்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் தெரிய வந்தவை இவை. என்னைக் கேட்டால், மாவீரரைவிட இந்த இருவரைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்க வேண்டும். பிள்ளைகளின் எலும்புகளும் அங்கே கிடைத்தன.

அந்த வீரர் ஆங்கிலேயர் என்றால், எதிரியை ஸ்காட்லாந்து மன்னரின் தேவாலயத்தில் ஏன் புதைத்தார்கள்?

1341-ல் கோட்டையே ஆங்கிலேயர் கையில்தான் இருந்தது. புதைத்ததும் அவர்களாகத்தான் இருக்கும். மறு வருடம், 1342-ல், ஸ்காட்லாந்துக்காரர்கள் முற்றுகையிட்டு அதை மீட்டார்கள்.